வட சென்னையின் முதலெழுத்து: ஆங்கிலத்தில் பெரிய எழுத்து எங்கே, எதற்கு?

ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் எனக் கடலோரமாக நீளும் துறைமுக, ஆலைப் பகுதியைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதுகிறவர் முதல் சொல்லிலேயே ஒரு முடிவெடுத்தாக வேண்டும். ‘நார்த் சென்னை’ என்பதில் ‘நார்த்’ பெரிய எழுத்தில் தொடங்குமா, சிறிய எழுத்திலா? பெரிய எழுத்தில் தொடங்கினால் அது ஒரு பகுதியின் பெயர். சிறிய எழுத்தில் தொடங்கினால் நகரத்தின் வடக்குப் பக்கம் என்ற திசைக் குறிப்பு. ஆங்கில இதழ்கள் இதில் ஒரே வழக்கைப் பின்பற்றுவதில்லை. மக்களவைத் தொகுதியின் பெயரிலும் அனல்மின் நிலையத்தின் பெயரிலும் அது பெரிய எழுத்து. அன்றாடச் செய்தியில் பல வேளைகளில் சிறிய எழுத்து. தமிழில் எழுதும்போது இந்தக் கேள்வியே பிறப்பதில்லை. தமிழ் எழுத்துக்கு ஒரே வடிவம்தான். ஆனால் இந்தப் பகுதியின் துறைமுக ஆவணம், ஆலை ஒப்பந்தம், நீதிமன்ற மனு, புயல் அறிக்கை எல்லாம் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் உருவாகின்றன. ஆகவே இங்குள்ளவர்களுக்கு இது பள்ளிக்கூட இலக்கணத்தோடு நின்றுவிடும் சங்கதியாக இல்லை.

பெரிய எழுத்தை எங்கே இடுவது என்ற கேள்விக்குச் சில நூற்றாண்டுகளாக வெவ்வேறு விடைகள் சொல்லப்பட்டு வந்திருக்கின்றன. பெயர்ச்சொல் எல்லாவற்றுக்கும் என்றது ஒரு காலம். சிறப்புப் பெயருக்கு மட்டும் என்றது இலக்கணம். மதிப்புக்குரியவற்றுக்கு என்றது அரசு அலுவலகம். வரையறுக்கப்பட்ட சொல்லுக்கு என்றார்கள் சட்டமும் அறிவியலும் எழுதியவர்கள். கண்ணில் பட வேண்டியவற்றுக்கு என்றார்கள் பலகை எழுதியவர்கள். இந்த விடைகளை வட சென்னையின் சான்றுகளோடு வைத்துப் பார்க்கும்போது ஒன்று புலப்படுகிறது: எந்த இடத்தில் பெரிய எழுத்து இல்லாவிட்டால் இரண்டு வேறு பொருள்கள் வாசகருக்கு ஒன்றாகிவிடுமோ அந்த இடத்தில்தான் அதற்கு உறுதியான நியாயம் இருக்கிறது. மற்றக் காரணங்கள் எல்லாம் மேலோட்டமாகத் தோன்றுவதைவிட வலுக் குறைந்தவை.

பெயர்ச்சொல் எல்லாம் பெரிதாக இருந்த காலம்

ரோமானியக் கல்வெட்டுகளின் எழுத்தே இன்று பெரிய எழுத்து எனப்படுகிறது. எட்டாம் நூற்றாண்டின் இறுதியில் சார்லமேன் ஆட்சியில் பரவிய கரோலிஞ்சியச் சிற்றெழுத்து, ஏடு எழுதவும் வாசிக்கவும் எளிதாக இருந்ததால் நிலைபெற்றது. பழைய வடிவமும் தலைப்புகளிலும் பத்தித் தொடக்கங்களிலும் தங்கிவிட்டது. ஒரே பக்கத்தில் இரண்டு வடிவங்கள் இருந்ததால், எதை எங்கே இடுவது என்ற கேள்வி வந்தது. 17, 18ஆம் நூற்றாண்டு ஆங்கிலம் அதற்குத் தாராளமாக விடை சொன்னது. பெயர்ச்சொற்கள் பெரும்பாலும் பெரிய எழுத்தில் தொடங்கின. 1787இல் எழுதப்பட்ட அமெரிக்க அரசமைப்பின் மூல ஏட்டில் இன்றும் இதைப் பார்க்கலாம். ஜெர்மன் மொழி இந்த வழக்கை இன்றுவரை விடவில்லை. டேனிஷ் மொழி 1948இல் விட்டது. 1761இல் புதுச்சேரியைப் பிடித்த ஆங்கிலேயர் அங்கிருந்து கொண்டுவந்த அச்சு இயந்திரம் வேப்பேரியில் ஜெர்மானியப் பாதிரியார் ஃபாப்ரீசியஸின் பொறுப்பில் வைக்கப்பட்டது. ஒவ்வொரு எழுத்துக்கும் இரண்டு வடிவம் உள்ள ரோமன் எழுத்தும் ஒற்றை வடிவத் தமிழ் எழுத்தும் சென்னையில் ஒரே அச்சுக்கூடத்தில் சந்தித்தது அப்போதுதான் எனலாம்.

இந்தப் பழைய வழக்குக்கு மிகச் சிறந்த வாதத்தை வைத்தவர் பெஞ்சமின் பிராங்க்ளின். 1789 டிசம்பரில் அகராதியாளர் நோவா வெப்ஸ்டருக்கு எழுதிய கடிதத்தில், பெயர்ச்சொற்களின் பெரிய எழுத்தை அச்சுக்கூடங்கள் கைவிட்டதற்கு அவர் வருந்தினார். ஆங்கிலத்தில் ஒரே சொல் பெயராகவும் வினையாகவும் நிற்பது மிகுதி. மொழியை நன்கு அறியாதவருக்கு அந்தப் பெரிய எழுத்து வழிகாட்டியது என்பது அவர் வாதம். ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகப் படிக்கும் தமிழர் இதை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆனாலும் அந்த முறைக்கு ஒரு பெரிய குறை இருந்தது. கப்பலும் பெரிய எழுத்து, கப்பலின் பெயரும் பெரிய எழுத்து என்றால் பொருள் எது, அதன் பெயர் எது என்று பிரிக்க வேறு உத்தி தேட வேண்டியதாயிற்று. அக்கால அச்சில் சிறப்புப் பெயர்களைச் சாய்வெழுத்தில் வைத்தது அதனால்தான். 18ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஆங்கிலம் மெல்ல மாறி, பெரிய எழுத்தைச் சிறப்புப் பெயருக்கு ஒதுக்கியது.

சிறப்புப் பெயர் என்ற அளவுகோல்

இன்று பள்ளிகளில் கற்பிக்கப்படும் விதி இதுவே. ஆள், ஊர், நாள், நிறுவனம் ஆகியவற்றின் தனிப்பெயர் பெரிய எழுத்தில் தொடங்கும். பொதுப்பெயர் சிறிய எழுத்தில். இதற்குத் தத்துவ அடிப்படையைத் தந்தவர்களில் முக்கியமானவர் ஜான் ஸ்டூவர்ட் மில். 1843இல் வெளிவந்த தருக்க நூலில், தனிப்பெயர் ஒரு பொருளைச் சுட்டுமே தவிர அதன் பண்பைச் சொல்லாது என்றார். கேட்கத் தெளிவாக இருக்கிறது. இடப்பெயர்களிடம் வரும்போது இந்தத் தெளிவு குலைகிறது. ‘எண்ணூர்’ சுட்டுகிறது, ஆனால் ‘வட சென்னை’ சுட்டவும் செய்கிறது, வடக்கு என்ற பண்பையும் சொல்கிறது. டேனிஷ் மொழியியலாளர் ஓட்டோ யெஸ்பெர்சன் 1924இலேயே, பொதுப்பெயருக்கும் தனிப்பெயருக்கும் இடையே கூர்மையான கோடு இல்லை என்று மில்லுக்கு மறுப்பு எழுதினார்.

தமிழ் இலக்கணம் இந்தக் கோட்டை வேறு இடத்தில் போட்டிருக்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். நன்னூல் இடுகுறிப் பெயர், காரணப் பெயர் இரண்டையும் பொது, சிறப்பு என்று பிரிக்கிறது. மரம் பொது, பனை சிறப்பு. அந்தப் பனை ஆங்கிலத்தில் சிறிய எழுத்துதான். நன்னூலின் சிறப்பு என்பது இனத்துக்குள் ஒரு வகை. ஆங்கில இலக்கணத்தின் சிறப்பு என்பது வகைக்குள் ஒரு தனிப்பொருள். தமிழ் மாணவர் ஆங்கிலத்தில் மீன், மரம், உணவு வகைகளின் பெயருக்கெல்லாம் பெரிய எழுத்து இடுவதற்கு அக்கறையின்மைதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. தனிமையின் எல்லை எங்கே என்பதில் மரபுகளுக்குள்ளேயே வேறுபாடு இருக்கிறது.

இடப்பெயர்களில் இந்தச் சிக்கலை ஆங்கில நடைக் கையேடுகள் ஒரு சமரசத்தால் தீர்க்கப் பார்க்கின்றன. திசையானால் சிறிய எழுத்து, அறியப்பட்ட வட்டாரமானால் பெரிய எழுத்து. அறியப்பட்டதா என்பதை எதைக் கொண்டு முடிவுசெய்வது? எல்லை வரையறை இருந்தால் போதும் என்பது ஒரு விடை. வட சென்னையின் சான்று இந்த விடைக்கு ஒத்துழைக்கவில்லை. 1957 தேர்தலிலிருந்தே ‘வட சென்னை’ என்ற பெயரில் மக்களவைத் தொகுதி இருக்கிறது. 2008 மறுவரையறைக்குப் பின் திருவொற்றியூர், டாக்டர் ராதாகிருஷ்ணன் நகர், பெரம்பூர், கொளத்தூர், திரு.வி.க. நகர், ராயபுரம் என ஆறு சட்டமன்றத் தொகுதிகள் அதில் அடங்கும். ஆனால் அதே பெயரைத் தாங்கிய வட சென்னை அனல்மின் நிலையம் இருப்பது அத்திப்பட்டில். அந்தத் தொகுதிக்கும் வெளியே, மாநகராட்சி எல்லைக்கும் வெளியே, திருவள்ளூர் மாவட்டத்தில். திருவொற்றியூரும் கத்திவாக்கமும் 2011இல்தான் மாநகராட்சியோடு இணைந்தன. அதற்கு முன்பும் அவற்றை வட சென்னை என்று சொல்லத் தயங்கியவர் இல்லை. 2024 மார்ச்சில் முதலமைச்சர் தொடங்கிவைத்த வட சென்னை வளர்ச்சித் திட்டம் இன்னொரு பரப்பைத் தனதாகக் கொள்கிறது. எல்லை ஒவ்வொரு முறையும் வேறு. பெயர் மட்டும் நிற்கிறது.

ஆகவே எல்லையை விட்டுவிட்டு, பெயரைச் சிறிதாக்கினால் எது இழக்கப்படும் என்று கேட்பது பயன் தரும். சிறிய எழுத்தில் எழுதினால் வட சென்னை என்பது அண்ணா நகருக்கு வடக்கே உள்ள எந்தத் தெருவாகவும் இருக்கலாம். துறைமுகம், ரயில் யார்டு, மீன்பிடித் துறை, அனல்மின் நிலையங்கள், உரம், எண்ணெய், வண்டி ஆலைகள், அவற்றைச் சுற்றி எழுந்த குடியிருப்புகள் என்று ஒன்றரை நூற்றாண்டில் உருவான பகுதி, 1856இல் ராயபுரத்தில் ரயில் நிலையம் திறந்ததிலிருந்து நீளும் வரலாறு கொண்ட பகுதி, வரைபடத்தின் மேற்பக்கமாகச் சுருங்கிவிடுகிறது. இரண்டு பொருள் ஒன்றாகும் இடம் இது. எனவே பகுதியைச் சொல்லும்போது பெரிய எழுத்து, திசையைச் சொல்லும்போது சிறிய எழுத்து என்பதே தகும்.

இதற்கு ஒரு மறுப்பு வரலாம்: இப்படிப் போனால் ஒவ்வொரு மனை விற்பனையாளரும் தன் விளம்பரத்துக்கு ஒரு வட்டாரத்தைக் கண்டுபிடித்துப் பெரிய எழுத்து இட்டுக்கொள்வாரே? நியாயமான அச்சம்தான். ஆனால் சோதனை எழுதுகிறவரின் விருப்பத்தில் இல்லை. அந்தப் பெயரை அவரோடு தொடர்பில்லாத பிறரும், வெவ்வேறு காரியங்களுக்காக, நீண்ட காலம் வழங்கி வந்திருக்கிறார்களா என்பதில் இருக்கிறது. வட சென்னை அந்தச் சோதனையில் தேறுகிறது. கழிமுகத்தைப் பற்றிய வழக்கும் இதே வகை. ‘எண்ணூர் கிரீக்’ என்பதில் இரண்டாம் சொல் பெரிய எழுத்தானால் கொசஸ்தலையாறு கடலில் சேரும் அந்த ஒரே முகத்துவாரம். சிறிய எழுத்தானால் எண்ணூர்ப் பக்கத்து ஓடைகளில் ஏதோ ஒன்று என்றும் வாசிக்க இடமுண்டு. ஓர் அறிக்கை எந்த நீர்நிலையைப் பற்றியது என்பதில் ஐயம் எழாமல் காக்கும் அளவுக்காவது அந்த ஓர் எழுத்து உழைக்கிறது.

கப்பல் பெயர்களில் இது இன்னும் வெளிப்படை. 2017 ஜனவரி 28 அதிகாலையில் எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி, கரையெல்லாம் எண்ணெய் படிந்தது. ஒன்றின் பெயர் ‘பி.டபிள்யூ. மேப்பிள்’, மற்றதன் பெயர் ‘டான் காஞ்சிபுரம்’. டான் என்பது விடியலுக்கு வழங்கும் சாதாரண ஆங்கிலச் சொல். விடியலுக்கு முன் நடந்த மோதலைப் பற்றிய வாக்கியத்தில் அது நேரமா, கப்பலா என்று காட்டுவது அதன் முதலெழுத்து.

மதிப்புக்கு ஓர் எழுத்து

பெரிய எழுத்து மரியாதையின் அடையாளம் என்பது மூன்றாவது நிலைப்பாடு. கடவுளைக் குறிக்கும் சொல்லில் தொடங்கி, அரசு, அமைச்சர், ஆட்சியர் என அது விரிகிறது. இந்திய அலுவலக ஆங்கிலத்தில் இது மிக ஆழமாக வேரூன்றியது. ஆலைப் பகுதிகளின் வாழ்வைப் பல்லாண்டுகள் ஒழுங்குபடுத்திய 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் ஆங்கில மூலத்தை எடுத்துக்கொள்ளலாம். அதில் ‘இன்ஸ்பெக்டர்’ பெரிய எழுத்தில் தொடங்குகிறார். ‘வொர்க்கர்’, ‘மேனேஜர்’, ஆலையின் பொறுப்பாளரான ‘ஆக்குபையர்’ ஆகியோர் சிறிய எழுத்தில். வரையறுக்கப்பட்ட சொல் என்பதால் பெரிய எழுத்து என்றால், இரண்டாம் பிரிவிலேயே வரையறை பெற்ற தொழிலாளிக்கு அது கிடைத்திருக்க வேண்டும். கிடைக்கவில்லை. அரசு நியமிக்கும் பதவிக்குப் பெரிய எழுத்து, மற்றவருக்குச் சிறிய எழுத்து என்ற வழக்கே இங்கே ஆண்டிருக்கிறது. சட்டத்தின் பொருளை இது மாற்றிவிடவில்லை. எழுதியவர்களின் உள்நோக்கத்துக்கும் இது சான்றாகாது. ஆனால் மதிப்பை அளவுகோலாகக் கொண்டால் எழுத்து அதிகாரத்தின் பக்கமே சாயும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

அரசமைப்புச் சட்டத்தில் இதே கேள்வி இன்னும் நுட்பமாக நிற்கிறது. சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி ஆணையை உச்ச நீதிமன்றம் செண்பகம் துரைராஜன் வழக்கில் 1951இல் செல்லாதென்று சொன்ன பிறகு, அதே ஆண்டு முதல் திருத்தத்தின் மூலம் சேர்க்கப்பட்டது 15(4). அந்தக் கூறில் பட்டியல் சாதிகளும் பட்டியல் பழங்குடிகளும் பெரிய எழுத்தில் உள்ளன. சமூக, கல்வி நிலைகளில் பின்தங்கிய வகுப்புகள் சிறிய எழுத்தில் உள்ளன. முன்னவற்றுக்கு அறிவிக்கப்பட்ட பட்டியல் உண்டு, பின்னதற்கு அப்போது அரசமைப்பின்படி பட்டியல் இல்லை என்பது ஏற்கத்தக்க விளக்கம். 2018இல் 102ஆம் திருத்தம் பின்தங்கிய வகுப்புகளுக்கும் பட்டியலையும் வரையறையையும் கொண்டுவந்தது. எழுத்து மட்டும் சிறியதாகவே நீடிக்கிறது. பட்டியல்தான் காரணம் என்ற விளக்கம் அங்கே நின்றுவிடுகிறது, பழக்கம் தொடர்கிறது.

இங்கே ஒரு வலுவான எதிர்வாதத்தை முழுமையாகக் கேட்க வேண்டும். மதிப்பு மறுக்கப்பட்டவர்கள் கேட்டுப் பெற்ற பெரிய எழுத்தை என்ன செய்வது? அமெரிக்காவில் கறுப்பின மக்களைக் குறித்த அன்றைய சொல்லுக்குப் பெரிய எழுத்து வேண்டி டபிள்யூ.இ.பி. டுபாய்ஸ் உள்ளிட்டோர் நெடுங்காலம் வாதாடினார்கள். நியூயார்க் டைம்ஸ் 1930 மார்ச்சில் இணங்கியது. 2020 ஜூனில் அசோசியேட்டட் பிரஸ் ‘பிளாக்’ என்ற சொல்லை மக்களைக் குறிக்கும் இடத்தில் பெரிய எழுத்தாக்கியது. இந்திய ஆங்கிலத்தில் ‘தலித்’ என்ற சொல்லும் இரு வகையிலும் அச்சாகி, பெரிய எழுத்தை நோக்கி நகர்ந்தது. இவை மதிப்பின் வெற்றிகள் போலத் தோன்றும், ஓரளவு அப்படித்தான். ஆனால் அவற்றின் தருக்கத்தை உற்றுப் பார்த்தால், நிறத்துக்கும் மக்களுக்கும், நொறுக்கப்பட்ட நிலைக்கும் அந்நிலையிலிருந்து தம்மைத் தாமே பெயரிட்டுக்கொண்ட சமூகத்துக்கும் உள்ள வேறுபாட்டை எழுத்தில் காட்டு என்பதுதான் கோரிக்கை. வேறுபடுத்தும் பணியைத்தான் அந்த எழுத்து செய்கிறது. பதவிக்கு இடும் பெரிய எழுத்தில் அந்தப் பணி இல்லை. ஆட்சியரைச் சிறிய எழுத்தில் எழுதினாலும் அவர் யார் என்பதில் குழப்பம் வராது. வேறொரு நோக்கில், அமெரிக்க எழுத்தாளர் பெல் ஹூக்ஸ் தம் பெயரையே சிறிய எழுத்தில் எழுதியதையும் இங்கே நினைக்கலாம். கவனம் தம்மிடமன்றித் தம் எழுத்தின்மேல் இருக்கட்டும் என்றார் அவர்.

வரையறையும் காதும்

சட்ட ஒப்பந்தங்களும் அறிவியல் அறிக்கைகளும் பெரிய எழுத்தை இன்னொரு வேலைக்குப் பயன்படுத்துகின்றன: இந்தச் சொல் இங்கே சாதாரணப் பொருளில் வரவில்லை, வரையறுத்த பொருளில் வருகிறது என்று அறிவிக்க. சரக்குச் சீட்டில் கப்பல் நிறுவனமும் சரக்கு அனுப்புபவரும் பெரிய எழுத்து பெறுவது இதனால். இது வேண்டிய ஏற்பாடு என்பதற்கு இந்தக் கடற்கரையிலேயே சான்று உண்டு. இந்தியச் சட்டத்தில் ‘மேஜர் போர்ட்’ என்றால் மத்திய அரசின் ஆளுகையில் உள்ள துறைமுகம். எண்ணூர் அந்த வகை. 1999இல் நிறுவனமாகப் பதிவாகி, 2014இல் காமராஜர் பெயரைப் பெற்றது. அதை அடுத்து வடக்கே இருக்கும் காட்டுப்பள்ளி அந்த வகையில் சேராது. அளவுக்கும் இதற்கும் தொடர்பில்லை. சிறிய எழுத்தில் அச்சான அந்தச் சொல்லை ‘பெரிய துறைமுகம்’ என்று வாசிக்கிறவர் இரண்டையும் தவறாகவே புரிந்துகொள்வார்.

காசிமேட்டில் படகு இறக்குகிறவர்களுக்கு மிக நெருக்கமான எடுத்துக்காட்டு வானிலை அறிக்கை. ‘டிப்ரஷன்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அன்றாட வழக்கில் பல பொருள். இந்திய வானிலை ஆய்வுத் துறையின் வரையறையில் அது மணிக்கு 17 முதல் 27 கடல் மைல் வேகக் காற்று கொண்ட சுழல். 28 முதல் 33 வரை ‘டீப் டிப்ரஷன்’. 34 முதல் 47 வரை புயல். 48 முதல் 63 வரை தீவிரப் புயல். அந்த அறிக்கைகளில் இந்த வகைப் பெயர்கள் பெரிய எழுத்தில் தொடங்குவதுண்டு. புயலின் சொந்தப் பெயர் முழுவதும் பெரிய எழுத்தில் வரும். 2023 டிசம்பரில் சென்னையை மூழ்கடித்து, பாபட்லா அருகே கரை கடந்த ‘மிக்ஜாம்’ அப்படித்தான் அச்சானது. வரையறுத்த சொல்லுக்கு அடையாளம் வேண்டும் என்பதில் ஐயமில்லை.

ஆனால் இந்த நிலைப்பாட்டின் பலவீனமும் இங்கேதான் தெரிகிறது. பெரிய எழுத்து கண்ணுக்கு மட்டும் உரியது. வானொலியில், கரையில் ஒலிபெருக்கியில், நடுக்கடலில் படகுக்குப் படகு பேசும் வயர்லெஸ்ஸில் அது ஒலிக்காது. துறைமுகங்கள் இந்த உண்மையை நெடுங்காலம் முன்பே கண்டுகொண்டன. சென்னை, எண்ணூர், காட்டுப்பள்ளி துறைமுகங்களில் ‘ஒன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு’ ஏற்றப்பட்டது என்று செய்தி வரும்போது அதில் எழுத்தின் அளவுக்கு வேலையே இல்லை. பகலில் கூண்டின் வடிவம், இரவில் விளக்கின் நிறம், வாய்ச்சொல்லில் எண். ஒன்று முதல் பதினொன்று வரை நீளும் அந்த வரிசையில் கடைசி எண், வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்பதைக்கூடச் சொல்லிவிடுகிறது. உயிர் சார்ந்த வேறுபாட்டை எண்ணிலும் சொல்லிலும் வைத்து, பெரிய எழுத்தைத் துணையாக மட்டும் கொள்வது என்ற ஒழுங்கு துறைமுகத்தில் இருக்கிறது. ஒப்பந்தம் எழுதுகிறவர்களும் அறிவிப்பு எழுதுகிறவர்களும் அதைப் பின்பற்றலாம் என்பது இக்கட்டுரையின் துணிபு.

முழுவதும் பெரிய எழுத்து

பலகை, விண்ணப்பம், எச்சரிக்கை ஆகியவற்றை முழுக்கப் பெரிய எழுத்தில் எழுதும் வழக்கின் பிறப்பில் பெரும்பங்கு இயந்திரத்துக்கு உண்டு. ஐந்து துடிப்பில் ஓர் எழுத்தை அனுப்பிய டெலிபிரிண்டரில் இரண்டு வடிவத்துக்கு இடமில்லை. இந்தியாவில் தந்திச் சேவை 2013 ஜூலையில் முடிந்தது. அமெரிக்க தேசிய வானிலைச் சேவை தன் அறிக்கைகளை 2016 மே மாதம் வரை பெரிய எழுத்திலேயே வெளியிட்டு, பின்னர் கலப்பு எழுத்துக்கு மாறியது. இயந்திரம் போன பின்பும் பழக்கம் நிற்கும் இடங்கள் நம்மிடம் ஏராளம். சில இடங்களில் அது சரிதான். சரக்குப் பெட்டகத்தின் பக்கவாட்டில் எழுதப்படும் நான்கு எழுத்து, ஆறு இலக்கம், ஒரு சரிபார்ப்பு இலக்கம் என்ற உலகப் பொதுக் குறியீட்டுக்குப் பெரிய எழுத்து பொருந்தும். அது வாசிக்க அன்று, ஒப்பிட்டுப் பார்க்க. ராயபுரம், எண்ணூர் நிலையப் பலகைகளைப் போன்ற ஒற்றைச் சொல்லுக்கும் பெரிய தீங்கில்லை.

நீண்ட வாசகம் வேறு. 1928இல் டிங்கர், பேட்டர்சன் என்ற உளவியலாளர்கள், முழுவதும் பெரிய எழுத்தில் உள்ள உரையை வாசிக்கும் வேகம் ஏறத்தாழ 12 விழுக்காடு குறைவதாகக் கண்டார்கள். சிறிய எழுத்துகளின் ஏற்ற இறக்கம் சொல்லுக்கு ஓர் உருவம் தருவதே காரணம் என்ற விளக்கம் நெடுநாள் நம்பப்பட்டது. அந்த விளக்கம் இப்போது வலுவிழந்திருக்கிறது. பழக்கமின்மையே காரணமாக இருக்கலாம் என்று பிற்கால ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். 2007இல் ஆர்டிட்டி, சோ இருவரும் செய்த ஆய்வில், எழுத்து மிகச் சிறியதாக இருக்கும்போதும் பார்வை குறைந்தவர்களுக்கும் பெரிய எழுத்தே தெளிவாகத் தெரிந்தது. பிரிட்டனில் சாலைப் பலகைகளை மாற்றியபோது கின்னெய்ர், கால்வெர்ட் இருவரின் கலப்பு எழுத்தும் டேவிட் கிண்டர்ஸ்லியின் முழுப் பெரிய எழுத்தும் விமானத் தளம் ஒன்றில் சோதிக்கப்பட்டன. பின்னது நூலிழை முந்தியது. வேறுபாடு மிகச் சிறிது என்று தோற்றத்தை வைத்தே முன்னது தேர்ந்தெடுக்கப்பட்டது. ஆகவே, பெரிய எழுத்து எப்போதும் கெடுதல் என்று சொல்லச் சான்று இடம் தரவில்லை. பத்தி கணக்கில் எழுதும்போது அது உதவாது என்று சொல்லலாம். ஒப்பந்த விதிகளை முழுப் பெரிய எழுத்தில் அச்சிட்டால் நுகர்வோர் கவனிப்பார் என்ற சட்ட நம்பிக்கையை ஆர்பெல், டோலர் இருவரும் 2020இல் சோதித்தார்கள்; அந்த நம்பிக்கை மெய்ப்படவில்லை, வயது மிகுந்தோருக்கு அது இடைஞ்சலாகவும் இருந்தது.

தமிழ்ப் பெயர்களுக்கு இதில் தனி இழப்பு ஒன்றும் உண்டு. கணினியில் தமிழ் நுழைந்த காலத்தில் பரவிய ரோமன் எழுத்து முறைகளில் ண, ள, ற போன்றவற்றைப் பெரிய எழுத்தால் காட்டினார்கள். அதன்படி எண்ணூரின் நடுவிலும் திருவொற்றியூரின் நடுவிலும் பெரிய எழுத்து வரும். முதலெழுத்து சிறியதாகவே இருக்கும். பெயர் என்பதைக் காட்டும் பெரிய எழுத்தும் ஒலியைக் காட்டும் பெரிய எழுத்தும் ஒரே பலகையில் வாழ முடியாது. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி புள்ளியும் கோடும் இட்டு இதைத் தவிர்த்தது. 2020 ஜூனில் 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப மாற்றிய அரசாணை உயிரெழுத்துகளை இரட்டித்துப் பார்த்தது. தண்டையார்பேட்டையும் அந்தப் பட்டியலில் இருந்தது. எதிர்ப்பு கிளம்பிச் சில நாளில் ஆணை திரும்பப் பெறப்பட்டது.

முடியாத கேள்விகள்

இந்த வாதத்துக்கு எதிராக இரண்டு கேள்விகள் மீதமிருக்கின்றன. ஒன்று, ஏதாவதொரு நடைக் கையேட்டைத் தேர்ந்து முற்றாகப் பின்பற்றினால் என்ன? ஒரே ஆவணத்துக்குள் ஒழுங்கு வரும் என்பது உண்மை. ஆனால் சிகாகோவிலோ நியூயார்க்கிலோ எழுதப்பட்ட கையேடு, வட சென்னை ஒரு பகுதியா திசையா என்பதைத் தீர்த்துத் தராது. அதை இங்குள்ளவர்கள்தான் தீர்க்க வேண்டும். மற்றொன்று, தேடுபொறிக்கும் இணைய முகவரிக்கும் எழுத்தின் அளவு பொருட்டில்லை, இளையோர் கைப்பேசியில் எல்லாவற்றையும் சிறிய எழுத்தில் அடிக்கிறார்கள், இந்த வேறுபாடே மறைந்துவிடாதா? தனிப்பேச்சில் மறையலாம். ஒப்பந்தத்திலும் தீர்ப்பிலும் மறைவதற்கான அறிகுறி இன்னும் தென்படவில்லை.

சமூகப் பெயர்களில் முடிவு இன்னும் திறந்தே இருக்கிறது. பட்டினவர் என்பது சமூகத்தின் பெயர், அதற்குப் பெரிய எழுத்து என்பதில் தயக்கமில்லை. மீனவர் என்று ஆங்கிலத்தில் அப்படியே எழுதும்போது அது தொழிலா, மக்களா? குப்பங்களில் அந்தச் சொல் இரண்டையும் குறிக்கிறது. இதை இலக்கணத்தால் முடிக்க முடியாது. அந்தப் பெயரைச் சுமப்பவர்களைக் கேட்டே முடிக்க வேண்டும்.

பலகைகளைப் பொறுத்தவரை மேலே சொன்ன சோதனைகள் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும், ரோமன் எழுத்திலேயே எழுதப் படிக்கக் கற்றவர்களை வைத்து நடந்தவை. ஒற்றை வடிவ எழுத்தில் படிக்கத் தொடங்கி, ஆங்கிலத்தைப் பின்னர் கற்ற ஒருவர் பெரிய எழுத்து வாசகத்தை அதே வேகத்தில்தான் வாசிக்கிறாரா என்பதை அவற்றிலிருந்து ஊகிக்க முடியாது. எண்ணூரில் 2023 டிசம்பர் இறுதியில் உர ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, நள்ளிரவில் மக்கள் வீட்டை விட்டு ஓடினார்கள். இத்தகைய ஆலைகளின் வாசலில் எந்த எழுத்தில் எச்சரிக்கை எழுதினால் இங்குள்ளவர் விரைந்து வாசிப்பார் என்பதை இங்குள்ளவர்களை வைத்தே அளந்து பார்க்க வேண்டும். பல்கலைக்கழகங்களும் தொழிலகப் பாதுகாப்புத் துறையும் சேர்ந்தால் பெரும் செலவின்றிச் செய்யக்கூடிய ஆய்வு இது. அதன் முடிவு வரும்வரை, ஆங்கில எச்சரிக்கைக்கு மேலே அதே செய்தியைத் தமிழில் எழுதி வைக்கட்டும்.